சபரும் சொந்த ஊரும்

(நம் அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் வரவு செலவை வாசிப்போம், கல்வி உதவி பெறும் பிள்ளைகளை மேடைக்கு அழைப்போம், டீயோடு முடித்துவிடுவோம். இந்த வருடம் கொஞ்சம் கூடுதலாகப் பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறோம். பேசப்போவது சபரைப் பற்றி. குடவாசலிலும் சுற்றுவட்டாரத்திலும் சபர் போன ஆள் இல்லாத தெரு நமக்குத் தெரிந்து இல்லை.

நம் பாட்டனார்கள் ரங்கூன் போனார்கள். 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது, லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டுவழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியில் மவுத்தானவர்கள் ஏராளம். மிஞ்சியவர்கள் மறுபடி போய்க் கடை போட்டார்கள். 1964 இல் பர்மா அரசு கடைகளைத் தேசியமயமாக்கியது. அதே வருடம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தது. முதலாளியாக இருந்தவர் கைப்பையோடு கப்பல் ஏறினார். 1990 ஆகஸ்ட் 2 இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. பாலைவனம் கடந்து அம்மான் போய்ச் சேர்ந்த நம்மவர்களையும் சேர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏர் இந்தியா விமானங்கள் கொண்டுவந்து சேர்த்தன. அப்படி வந்தவர்கள் சிலர் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிறகு சவூதி. 2011 இல் நிதாகத் வந்தது. 2017 ஜூலையில் குடும்பத்தை அங்கே வைத்திருப்பவர் தலைக்கு மாதம் 100 ரியால் கட்ட வேண்டும் என்றார்கள். அது வருடத்துக்கு 100 கூடி 2020 இல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால். சம்பளத்தில் என்ன மிஞ்சும்? 2018 செப்டம்பரிலிருந்து துணிக்கடை, கார் விற்பனை, கண்ணாடிக் கடை என்று ஒவ்வொன்றாகச் சவூதிகளுக்கு ஒதுக்கினார்கள். அது அவர்கள் நாடு, அவர்கள் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறார்கள். அதில் நாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், சபர் எந்தத் தலைமுறையிலும் நிலையாக இருந்ததில்லை. எல்லாத் தலைமுறையும் அது நிலையென்று நம்பித்தான் வீடு கட்டியது.

ஒரு சகோதரரைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். இருபது வருடத்துக்கு மேல் ஒரே கடையில் இருந்தவர். லீவில் வந்தபோது கடையிலிருந்து போன் வந்தது, திரும்பி வர வேண்டாம் என்று. அவர் வீட்டில் சொல்லவில்லை. விசா தாமதமாகிறது என்றே ஐந்து மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஐந்து மாதமும் சபராளி வீட்டுச் செலவு அப்படியே நடந்தது. கல்யாண மொய், பிள்ளைக்கு வண்டி, நோன்புப் பெருநாள் துணி. நகை ஒவ்வொன்றாக அடகுக்குப் போனது. கடைசியில் அவருடைய மகள்தான் ரசீதைப் பார்த்துவிட்டு, "அத்தா, எங்ககிட்ட சொன்னா நாங்க என்ன வெரட்டியா விட்டுடுவோம்?" என்று கேட்டதாக அவரே சொல்லி அழுதார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை. 2020 இல் நாங்களும் அதையேதான் செய்தோம். அறக்கட்டளையின் வருமானத்தில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து வருகிற சதகா. மே 7 இல் வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியபோது, சந்தா கொடுத்தவர்களே திரும்பி வந்து உதவி கேட்கும் நிலை. வரவு நின்ற மாதமும் கேட்பவர் கூடிய மாதமும் ஒன்றாக இருந்தது. அது தற்செயல் இல்லை, இரண்டும் ஒரே இடத்தைச் சார்ந்திருந்தன. இது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பணம் இல்லை என்று சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்று பயந்து, அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விதவைத் தாய்மார்களை அலைய விட்டோம். பிறகு ஒரு நாள் கணக்கை அப்படியே எழுதிப் பலகையில் ஒட்டினோம். யாரும் எங்களை ஏசவில்லை. உள்ளூரில் டீக்கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் எல்லாம் நூறும் இருநூறுமாகக் கொண்டுவந்தார்கள். முதல் மாதமே ஒட்டியிருக்கலாம்.

அதன் பிறகு ஒரு முறை வைத்தோம். ஜகாத்தை நாம் சேமித்து வைக்க முடியாது, அது உரியவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். பொது நன்கொடையில் மட்டும் ஒரு பகுதியைத் தொடாமல் வைக்கிறோம். பணத்தை முடக்கிவிட்டீர்கள் என்று நிர்வாகக் குழுவிலேயே சண்டை வந்தது, இன்னும் முழுதாகத் தீரவில்லை. யூசுப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் எகிப்தில் செழிப்பான ஏழு வருடத்து விளைச்சலைக் கதிரோடு வைக்கச் சொன்ன வரலாறு நமக்கெல்லாம் தெரியும். வயல்காரருக்குத்தான் அதன் அருமை புரியும்.

வயல்காரர் என்றதும் இன்னொன்று. ஜூன் 12 இல் மேட்டூர் திறக்க வேண்டும். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் திறக்கவில்லை. நம் பக்கத்து விவசாயி என்ன செய்தார்? போர் உள்ளவர் குறுவை போட்டார். இல்லாதவர் குறுவையை விட்டுவிட்டு ஒருபோகம் சம்பாவுக்கு மாறினார், நாற்றுக்குக் காத்திராமல் நேரடி விதைப்பு செய்தார். நஷ்டம்தான், ஆனாலும் தண்ணீர் வராது என்பதைக் குடும்பத்தோடு பேசித்தான் முடிவெடுத்தார். அணையைப் பார்க்க ஊருக்கே கண் இருந்தது. சபராளியின் அணை எங்கோ இருக்கிறது, அவர் மட்டும்தான் பார்க்கிறார்.

இனி வேலை விஷயம். சவூதியில் வேலை முடிந்து வருகிறவருக்குச் சேவைக்காலப் பணம் உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதற்குமேல் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். பத்து வருடத்துக்குக் குறைவாக இருந்து நாமே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அது குறையும், இரண்டு வருடம் முடியாவிட்டால் இல்லவே இல்லை. அரபியில் நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டு வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். போன் செய்யுங்கள், அரபி படித்த ஆலிம்கள் இங்கே இருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் படித்துச் சொல்வார்கள். மதரஸாவில் படித்தது இதற்கும் உதவட்டும்.

பிள்ளைகளுக்கு: பத்தாம் வகுப்பு முடித்தாலே குரூப் 4 தேர்வு எழுதலாம். 2007 இல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, அதைப் பயன்படுத்த விண்ணப்பம் போட ஆள் வேண்டும். "இந்த ஆபீஸ் சம்பளம் எதுக்கு, மாமா விசா அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு" என்கிற பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். போகட்டும், தடுக்கவில்லை. ஏசி மெக்கானிக், எலக்ட்ரீசியன் என்று ஐடிஐயில் ஒரு கைத்தொழில் படித்துவிட்டுப் போகட்டும். திரும்பி வந்தாலும் அந்தத் தொழில் கூடவே வரும். கடையில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்த அனுபவத்துக்கு இங்கே மதிப்பில்லை என்பதை நாற்பத்தைந்து வயதில் தெரிந்துகொள்வது மிகவும் கொடுமை.

அந்தச் சகோதரர் இப்போது மகளின் யோசனைப்படி வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறார், காலையில் மளிகைக் கடையில் கணக்குப் பார்க்கிறார். நகையில் பாதி மீண்டுவிட்டது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம்.

வியாழக்கிழமை மஃரிபுக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். ஊர் திரும்பியவர்கள், திரும்ப வேண்டி வருமோ என்று நினைப்பவர்கள், தயவுசெய்து மனைவியோடு வாருங்கள். பின்பக்கத்து வாசல் வழியாகவும் வரலாம், தெருவில் யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட், இகாமா நகல், சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்து வாருங்கள். இப்போது பிள்ளைகளின் பெயரை வாசிக்கிறோம்.