இறங்கும் முன் ஒரு பாடவேளை

(கடம்பத்தூர் ஒன்றிய ஆசிரியர்களிடையே, கோடை விடுமுறைக்கு முன்பு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்வு முடிந்து பள்ளிக்கதவை மூடுகிறோம். அடுத்த சில நாட்களில் கத்திரி வெயில் தொடங்கிவிடும். தகரக் கூரை வீட்டில் பகலில் இருக்க முடியாது. நம் மாணவர்களின் அப்பாக்களில் பலர் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு வண்டி பேசி, அரிசி, அண்டா, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். ஊத்துக்கோட்டை தாண்டினால் கைலாசகோனா, நாகலாபுரம் மலை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு, தடா அருவி என்று நாம் சொல்லும் உப்பலமடுகு. அங்கே கல் வைத்து அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். பிள்ளைகள் பாறை மடுவில் குதிப்பார்கள். சிலர் இரவு தங்கியும் வருவார்கள்.

இது நல்ல விஷயம். வருடம் முழுவதும் உழைக்கிற குடும்பம் ஒரு நாள் ஒன்றாக இருக்கிறது. "போகாதே" என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. போகிற பிள்ளை திரும்பி வர வேண்டும், ஜூன் மாதம் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே நாம் குறியிட வேண்டும். அதற்கு நம்மால் என்ன முடியும் என்பதுதான் என் பேச்சு.

2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நம்மைப் போன்ற நாடுகளில். அதே ஆண்டில் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. ஆனால் ஜூலை வரை காத்திருந்தால் நம் ஊருக்குத் தாமதம். நமக்கு அந்த நாள் ஏப்ரலின் கடைசி வாரத்தில் வர வேண்டும்.

நம் தாத்தா காலத்துப் பிள்ளைகள் கவலைக் கிணற்றில் நீச்சல் கற்றார்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமாவோ அண்ணனோ தள்ளிவிடுவார்கள். ஆழ்குழாய்க் கிணறு வந்தது. பழைய கிணறுகள் வற்றின, மூடப்பட்டன. நீச்சல் சொல்லித்தந்த இடம் போய்விட்டது. ஆபத்தான நீர் மட்டும் அப்படியே இருக்கிறது. 1944இல் கட்டிய பூண்டி ஏரி இருக்கிறது. 1996 முதல் கிருஷ்ணா தண்ணீர் கொண்டுவரும் கண்டலேறு கால்வாய் இருக்கிறது. கொசஸ்தலையாற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள், கல்குவாரிக் குட்டைகள், செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழிகள் இருக்கின்றன. நீந்தத் தெரியாத தலைமுறை, பைக்கிலும் வேனிலும் நேராக ஆழத்துக்கே போய் இறங்குகிறது.

நம்மிடம் நீச்சல் குளம் இல்லை, உண்மைதான். ஆனால் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிற அறிவியலே பாதி உயிரைக் காப்பாற்றும். ஒரே ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். நான் சொல்லும் நான்கையும் அதில் முடித்துவிடலாம்.

முதலாவது, ஆழம் பொய் சொல்லும். வாளித் தண்ணீரில் நாணயம் போட்டு ஒளிவிலகல் காட்டுகிறோம் அல்லவா? அந்தப் பாடத்தை மடுவுக்குக் கொண்டுபோங்கள். நேர் மேலிருந்து பார்த்தால் 8 அடி ஆழம் 6 அடியாகத்தான் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். தெளிந்த நீர் என்றால் தரை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலிருக்கும். "கண்ணால் அளக்காதே, கழியால் அள" என்று சொல்லிக்கொடுங்கள். மேலே வெதுவெதுப்பாக இருக்கிற மடு, இடுப்புக்குக் கீழே சில்லென்று இருக்கும். அந்த அதிர்ச்சியில் மூச்சு வாங்கும். வெயிலில் காய்ந்த உடம்போடு குதிக்காமல், மெல்ல நனைந்து இறங்க வேண்டும். சிமெண்டு சரிவு கட்டிய கால்வாயில் இறங்கவே கூடாது. பாசி படிந்த அந்தச் சரிவில் நீந்தத் தெரிந்தவருக்கும் ஏறிவரப் பிடிமானம் இருக்காது.

இரண்டாவது, மூழ்குகிறவர் கத்த மாட்டார். சினிமாவில் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்பார்கள். நிஜத்தில் மூச்சுக்கே வாய் போதாதபோது குரல் எப்படி வரும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருக்கும். உடம்பு நட்டுவைத்தது போல நிற்கும். பத்தடி தள்ளி இருப்பவருக்கு விளையாடுவது போலத் தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். அதனால் குடும்பத்தில் ஒரு பெரியவர் 'நீர்க்காவல்' இருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றே பொருள். காவல் இருப்பவர் கையில் செல்போன் கூடாது. அவர் மது அருந்தியிருக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறலாம். "இன்னிக்கு யார் காவல்?" என்று கேட்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்து அனுப்புங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் அப்பா மறுக்க மாட்டார்.

மூன்றாவது, குதிக்காதே. இதை மட்டும் மூன்று முறை சொல்லுங்கள். ஒரு பிள்ளை மூழ்கும், காப்பாற்றப் போன அண்ணன் மூழ்குவான், இருவரையும் தேடிப்போன சித்தப்பாவும் மூழ்குவார். ஒரே வீட்டில் இரண்டு, மூன்று பேர் என்று நாம் செய்தித்தாளில் படிப்பது இப்படித்தான் நடக்கிறது. பயத்தில் இருப்பவர் கைக்குக் கிடைத்ததைக் கட்டிப்பிடித்து அழுத்துவார். "கூப்பிடு, நீட்டு, வீசு" என்று பழக்குங்கள். சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடு. கரையில் குப்புறப் படுத்துக் கழியோ புடவையோ துப்பட்டாவோ நீட்டு. எட்டவில்லையா, மிதக்கும் பொருளை வீசு.

இங்கேதான் ஒன்பதாம் வகுப்பு ஆர்க்கிமிடிஸ் உதவிக்கு வருகிறார். மூடியை இறுக்கிய காலி 2 லிட்டர் பாட்டில், நீரில் ஏறக்குறைய 2 கிலோ எடையைத் தாங்கும். 20 லிட்டர் கேன் என்றால் ஏறக்குறைய 20 கிலோ. மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோதான். மற்ற உடம்பை நீரே பெருமளவு தாங்கிவிடுகிறது. ஆகவே அந்த ஒரு கேன் பெரிய ஆளையே மிதக்கவைக்கும். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால் காற்றில் பறக்காமல் நேராகப் போய் விழும். கயிறு கட்டியிருந்தால் இழுத்தும் விடலாம். சமையலுக்குக் கொண்டுபோன கேன் காலியானதும் வண்டியில் ஏற்றாமல், மூடி கயிறு கட்டிக் கரையில் வைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, வெளியே எடுத்த பிறகு. வயிற்றை அமுக்குவதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் கூடாது. பொன்னான நேரம் அதில் போய்விடும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும், மார்பை அழுத்த வேண்டும். இன்னொருவர் 108க்கு அழைக்க வேண்டும். மலைக்குள் போகும்போதே செல்போன் சிக்னல் கடைசியாக எங்கே கிடைத்தது என்று பார்த்து வைப்பது நல்லது.

"இதெல்லாம் சொன்னால் போக ஆசை காட்டுவது போல ஆகாதா?" என்று சிலர் கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், டார்வின் நகருக்குப் பக்கத்தில் லிட்ச்ஃபீல்டு தேசியப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. வெயிலுக்குத் தப்பிக் குடும்பங்கள் கூடாரம் போட்டுத் தங்கும் இடம். அங்கே சில அருவி மடுக்களில் மழைக்காலத்தில் இறங்க விடுவதில்லை. வெள்ளம் வடிந்து, முதலை இருக்கிறதா என்று வனக்காவலர்கள் சோதித்த பிறகுதான் திறக்கிறார்கள். மூடியிருக்கிறது என்று பலகை சொன்னால் இறங்கக் கூடாது. நம் பக்கத்து மலைகளிலும் வனத்துறை நுழைவை நிறுத்தும் நாட்கள் உண்டு. மேலே மலையில் பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். பலகையை மதிக்கக் கற்பது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை என்று பிள்ளைகளுக்குப் புரியவைப்போம்.

இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். பெண் பிள்ளைகளை ஒதுக்காதீர்கள். அவர்களுக்கு நீச்சல் கற்றுத்தர வீட்டில் தயங்குகிறார்கள்; நனைந்த சுடிதார் வேறு காலைச் சுற்றும். ஆனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்கள் தலையில்தான் விழுகிறது. அடுத்து, நம் வகுப்பில் இருக்கும் ஒடிசா, பீகார் பிள்ளைகள். சூளைக் குழிக்கு மிக அருகில் வாழ்பவர்கள் அவர்களே. வகுப்பில் தமிழ் நன்றாகப் பேசும் ஒரு வடமாநிலப் பிள்ளையை எழுப்பி, "கூப்பிடு, நீட்டு, வீசு" என்பதை அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். கரும்பலகையில் எழுதி எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும்.

நாற்பது நிமிடம் போதும். வாளியும் பாட்டிலும் கயிறும் எல்லாப் பள்ளியிலும் இருக்கின்றன. விடுமுறை விடும் முன் அந்தப் பாடத்தை நடத்திவிடுங்கள்.