படைவீட்டுக்கு ஒரு நடுகல்
(அமிர்தியில் நிகழ்த்திய உரை)



1989-ஆம் ஆண்டில் வடஆர்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. நாம் கூடியிருக்கும் அமிர்தி, அம்பேத்கர் பெயர் தாங்கிய மாவட்டத்தில் நின்றது. தெற்கே, இதே சவ்வாது மலைச்சாரலில் உள்ள படைவீடு, சம்புவராயர் பெயர் தாங்கிய திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்தது. பத்தாண்டு நிறையுமுன் இரு பெயர்களும் நீங்கின. ஆணையால் ஏறிய பெயர் ஆணையால் இறங்கிற்று, அவ்வளவே!

சம்புவராயர் யார்? சோழர்க்குப் படைத்துணையாய் இருந்து, சோழராட்சி சாய்ந்தபின் தொண்டைமண்டலத்தில் தனியரசு கண்டவர்கள். அவர்தம் தலைநகரின் பெயரே படைவீடு. படை தங்கும் பாசறை என்பது அதன் பொருள். அவர்களுள் ஒருவன் வென்றுமண்கொண்டான். எத்துணை அழகிய தமிழ்ப்பெயர்! அவனுக்குப்பின் ஆண்ட இராசநாராயணன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டில், விசயநகர இளவரசன் குமார கம்பணன் படையொடு வந்து வென்றான்.

வென்றவன் புகழை அவன் மனைவி கங்காதேவி வடமொழிக் காப்பியமாக எழுதிவைத்தாள். தோற்றவர்க்குக் காப்பியம் இல்லை. கோயிற் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகளே உள்ளன. அவற்றை நாமன்றோ படிக்கவேண்டும்?

வீரனுக்குக் கல் நாட்டும் முறையை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை அதன் படிநிலைகளைத் தொல்காப்பியமே வகுத்துள்ளது. செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுத்து 1972-இல் நூலாக்கியது. அப்பகுதியைச் சார்ந்த எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றுண்டு. ஆநிரைப் போரில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனொடு, கள்வனைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது! அக்கல் பல்லவ வேந்தனுக்காக நடப்பட்டதன்று. பட்டவன் பெயர், பட்ட இடம், பட்ட காரணம்: இம்மூன்றையும் அது சொல்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு கடந்தும் அதை இறக்க எந்த ஆணையும் வரவில்லை.

மாவட்டப் பெயர் மீளவேண்டும் என்று நான் கேட்கவில்லை. தலைவர் பெயர்களைச் சாதிக்கொடிக் கம்பங்களாக்கி நாம் மோதிக்கொண்டதன் விளைவையும் கண்டோம். சம்புவராயர் எந்த ஒரு சாதிக்கும் தனியுடைமை அல்லர். நான் கேட்பது ஒரு கல். இம்மலையடிவாரத்தில், நல்ல தமிழில், இன்னார் ஆண்டார், இன்னாரிடம் தோற்றார், பெயரறியா மறவர் பலர் இங்கே மாய்ந்தார் என்று உள்ளது உள்ளபடி உரைக்கும் கல். தோல்வியை மறைக்கும் கல் வேண்டா. பொய்ப்புகழ் பாடும் கல்லும் வேண்டா.

அதற்கு முன்னே ஒரு கடமை உண்டு. உங்கள் ஊர் ஏரிக்கரையில், வயல்வரப்பில், துணி துவைக்கும் துறையில் எழுத்துள்ள கல் கிடக்கிறதா? மண்ணைத் துடைத்துப் பாருங்கள். தொல்லியல் துறையினர்க்குத் தெரிவியுங்கள். புதுக்கல் நடும் தகுதி, பழங்கல்லைக் காத்தவர்க்கே உண்டு.

வாழ்க தமிழ்!