மலைப்பாதையும் மாநகர்களும்



2024ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், மாணவர்களாகிய நாங்கள் பதுளையிலிருந்து கண்டிக்கும், அங்கிருந்து அநுராதபுரத்துக்கும் மேற்கொண்ட புகையிரதப் பிரயாணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி மன்றத்தார் பணித்தார்கள். பார்த்த இடங்களை வரிசையாகச் சொல்லிப் பொழுது போக்க நாங்கள் விரும்பவில்லை. ஒரு கருத்தை மாத்திரம் முன்வைக்கிறோம்: உல்லாசமாகச் செல்லும் இப்பாதை நம் முன்னோரின் சரித்திரம். அதை அறிந்து செல்வோருக்கு இந்த நாடு தன் கதவைத் திறந்து காட்டும்.

இலங்கையில் முதற் புகையிரதம் 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை ஓடியது. கோப்பித் தோட்டங்களின் விளைச்சலைத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் நோக்கம். 1867இல் பாதை கண்டியை அடைந்தது. பின்னர் கோப்பி நோயால் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையைத் தொடர்ந்து பாதையும் மலையேறியது. 1885இல் நானுஓயா, 1893இல் ஹப்புத்தளை, 1894இல் பண்டாரவளை, 1924இல் நமது பதுளை என்று அது வளர்ந்தது. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடைப்பட்ட சிறு தூரத்தைக் கடக்க முப்பது ஆண்டுகள் சென்றன என்றால், இம்மலைகளின் கடுமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பதுளைக்குப் பாதை வந்த நூறாவது ஆண்டிலேயே எங்கள் பிரயாணம் அமைந்தது.

காலையில் பொடி மெனிக்கேயில் ஏறினோம். எங்களுள் இருவர் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். தினமும் கண்முன்னே ஓடிய கோச்சியில் அன்றுதான் முதன்முறையாக ஹப்புத்தளைக்கு அப்பால் சென்றார்கள். பாதையோரத்தில் கொழுந்துக் கூடையைச் சுமந்து நின்ற தாய்மார் எங்களைப் பார்த்துக் கையசைத்தபோது, அவ்விருவரும் எழுந்து நின்று பதிலுக்குக் கையசைத்தார்கள்.

தெமோதரையில் பாதை ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அச்சுரங்கத்தின் மேலேயே அமைந்த நிலையத்துக்கு ஏறி வருகிறது. நாற்பத்து நான்கு அடி ஓடினால் ஓரடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது மலைப்பாதையின் விதி. செங்குத்தான இடத்தில் அந்த விதியைக் காப்பதற்கே இந்தச் சுற்று. அவிழ்த்த தலைப்பாகையை ஒரு கங்காணி மீண்டும் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை உதித்தது என்று ஒரு கதை இப்பகுதியில் வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அதைப் பேணி வைத்திருப்பவர்கள் ஓர் உண்மையைச் சொல்கிறார்கள்: இந்தப் பாதையில் எங்கள் கைக்கும் பங்குண்டு, எங்கள் அறிவுக்கும் பங்குண்டு என்கிறார்கள்.

எல்லவை நெருங்கும்போது வரும் ஒன்பது வளைவுப் பாலம் உருக்குச் சட்டம் இன்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுப்பப்பட்டது. உலகின் பல பாகங்களிலிருந்தும் வருவோர் அதைப் படமெடுத்துச் செல்கிறார்கள். கல் சுமந்தவர்களின் பெயர் அந்தப் படங்களில் இல்லை.

பதுளை நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 அடியில் இருக்கிறது. பட்டிப்பொலை 6,200 அடியில் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த நிலையம் அதுவே. ஊவாப் பக்கத்தில் வாடைக்காற்று மழையும் மூடுபனியும் எங்களை நடுங்க வைத்தன. ஒஹியாவைத் தாண்டிச் சுரங்கத்தில் நுழைந்து மறுபுறம் வந்தால், அங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்தது! ஒரே மலை இரண்டு பருவங்களைப் பிரித்து வைப்பதைப் பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திரப் பாடத்தில் படித்திருந்தோம். அன்று கண்ணாரக் கண்டோம்.

மாலையில் கண்டி. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவன். 1815இல் சிறைபிடிக்கப்பட்டு, வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே மாண்டான். ஆங்கிலேயரை எதிர்த்து 1817இல் கிளர்ச்சி மூண்டது நமது ஊவாவில்தான். அதன் தலைவர் கெப்பெட்டிபொல 1818இல் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். தலதா மாளிகையின் அருகே நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள் நிற்கின்றன. சிங்கள மக்கள் பத்தினித் தெய்யோ என்று வணங்குபவள் நம் கண்ணகியே. இரு சமூகங்களும் ஒருவரையொருவர் அறியாமல் வாழ்ந்ததில்லை என்பதற்கு அந்தச் சந்நிதி சாட்சி.

கண்டியிலிருந்து பொல்கஹவெலை சென்று, வண்டி மாறி அநுராதபுரத்தை அடைந்தோம். எல்லாளனைப் போரில் வென்ற துட்டகைமுனு, அவனுக்குச் சமாதி எழுப்பி, அவ்வழியே செல்வோர் வாத்தியங்களை நிறுத்தி மரியாதை செய்யக் கட்டளையிட்டான் என்று மகாவம்சம் கூறுகிறது. 1818 அளவில் தப்பியோடிய ஒரு கண்டிப் பிரதானி, களைத்த நிலையிலும் பல்லக்கை விட்டிறங்கி அவ்விடத்தை நடந்தே கடந்தார் என்று ஆங்கிலேயர் ஒருவரின் நூல் சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாகியும் அந்தக் கட்டளை மறக்கப்படவில்லை. பகைவனையும் மதிக்கும் அந்தப் பண்பு, நம் காலத்தில் சகோதரர்களிடையே குறைந்தது ஏன் என்ற கேள்வியோடு அங்கிருந்து திரும்பினோம்.

இன்னுமொன்று. அநுராதபுரத்துக்கு வடக்கே மதவாச்சியில் ஒரு பாதை தலைமன்னாருக்குப் பிரிகிறது. அந்தப் பாதை 1914இல் அமைந்தது. அதற்கு முந்திய காலத்தில் நம் முன்னோரில் பெருந்தொகையினர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் அநேகர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று காகிதத்தில் கூறு போட்டார்கள். அதன்பின் மலைநாட்டுக் கோச்சிகள் குடும்பம் குடும்பமாக நம்மவரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்றன. இச்சபையிலிருக்கும் பெரியோருள், நிலைய மேடையில் நின்று உடன்பிறந்தாரை வழியனுப்பியவர்கள் இருக்கிறீர்கள். எங்களுக்கு விடுமுறை தந்த தண்டவாளம் உங்களுக்குத் தந்தது பிரிவு.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்து, மலைகள் சரிந்து, உயிர்களும் லயங்களும் மண்ணுள் புதைந்தன. மலைப்பாதையும் பல இடங்களில் சிதைந்தது. பாதையைச் செப்பனிடப் பொறியியலாளர் உண்டு. நினைவைச் செப்பனிட வேண்டியவர்கள் இளைஞர்களாகிய நாமே.

ஆகவே எங்கள் விண்ணப்பம் இது. மன்றம் ஆண்டுதோறும் பத்து மாணவரையாவது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலிடம் தந்து, மூன்றாம் வகுப்பிலேனும் இப்பிரயாணத்துக்கு அனுப்புதல் வேண்டும். புறப்படும் முன் ஒவ்வொருவரும் ஒரு பெரியவரின் அருகில் அமர்ந்து, அவர் வந்த வழியையும் அனுப்பி வைத்தவர்களின் பெயர்களையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். அந்தக் கொப்பிகளை மன்றத்து வாசிகசாலையில் வைப்போம். பெரியோர்களே, எழுதுகோலோடு நாங்கள் உங்கள் வாசலுக்கு வருகிறோம், மறுக்காமல் சொல்லுங்கள்.