முதலில் பாரத்தை இறக்குங்கள்

(சிறுதொழில் பற்றிய தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் லோரிப் பட்டறை உரிமையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



கோபத்தோடு வரும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் படித்த நிபுணன் அல்லன். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக டீசல் லோரிகளைப் பழுது பார்த்து வருகிறேன். அதனால் ஏட்டில் உள்ளதை விட்டுவிட்டு, என் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதில் தவறு செய்தவன் நான்.

செம்பனைக் குலை ஏற்றும் ஒரு லோரிக்கு டர்போ மாற்றிக் கொடுத்தோம். புதிய சாமான், ஆறு மாத உத்தரவாதம். பன்னிரண்டாவது நாள், வெள்ளிக்கிழமை மாலை, உரிமையாளர் பட்டறைக்குள் நுழைந்தார். என்னைவிட மூத்தவர். இருப்பதே அந்த ஒரு லோரிதான்.

“தம்பி, நீ போட்டது புதுச் சாமானா, குப்பையா? புகை மண்டிப் போய் நடுரோட்டில நிக்குது!” என்று சத்தம் போட்டார். கடையில் வேறு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? “அண்ணே, நேரத்துக்கு எண்ணெய் மாத்தினீங்களா?”

தொழில்முறையில் பார்த்தால் அது சரியான கேள்விதான். ஆனால் அந்த நேரத்தில் அவர் காதில் அது, ‘குற்றவாளி நீதான்’ என்றுதான் விழுந்தது. அவர் குரல் இரண்டு மடங்கு உயர்ந்தது. “லோரி நிறையக் குலை கிடக்குதுடா! நீ எண்ணெயப் பத்திப் பேசுற!” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பறித்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பது நல்லது. தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் கூடும். எண்ணெயின் தரம் குறையும். ஆலையில் விலையை வெட்டுவார்கள். தோட்டக்காரரும் அடுத்த முறை வேறு லோரியைக் கூப்பிட்டுவிடுவார். மனிதர் கத்தியது டர்போவுக்காக மட்டுமல்ல. கண் முன்னால் அழுகிக்கொண்டிருக்கும் தம்முடைய பிழைப்புக்காகக் கத்தினார்.

நான் வாதத்தை நிறுத்தினேன். “அண்ணே, லோரி எங்க நிக்குது? முதல்ல குலையை ஆலைக்கு அனுப்புவோம். யார் தப்புன்னு நாளைக்குப் பார்ப்போம்” என்றேன். தெரிந்த நண்பரின் லோரியை வரவழைத்தேன். இரவு ஒன்பது மணிக்குப் பாரம் மாறியது. அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தைகூட உரக்கப் பேசவில்லை.

நேயர்களே, இதுதான் நான் கற்ற முதல் பாடம். எஞ்சின் பாகம் உடைந்து ஒருவர் வந்தால், முதல் கேள்வி பாகத்தைப் பற்றியதாக இருக்கக்கூடாது. வண்டி எங்கே நிற்கிறது, அதில் யார் இருக்கிறார்கள், என்ன பாரம் இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். பாரத்தை இறக்கினால் பாதிக் கோபமும் இறங்கிவிடும்.

மறுநாள் காலை அவரைப் பக்கத்தில் நிற்க வைத்தே டர்போவைக் கழற்றினோம். டர்போ என்பது புகைபோக்கிக் காற்றின் வேகத்தில் சுழலும் ஒரு சிறு விசிறி. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகள் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் சுழலும். அவ்வளவு வேகத்தையும் தாங்குவது அதன் தண்டைச் சுற்றியுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். எண்ணெய் வராவிட்டால் சில விநாடிகளிலேயே தேய்மானம் தொடங்கிவிடும். தண்டு சூடேறி நீலம் பாய்ந்துவிடும். கல்லோ தூசியோ உள்ளே போயிருந்தால் விசிறியின் இதழ்கள் பிய்ந்திருக்கும். உடைந்த பாகமே காரணத்தைச் சொல்லிவிடும்.

இதழ்கள் நன்றாக இருந்தன. தண்டு நீலமாக இருந்தது. எண்ணெய் வரும் சிறு குழாயைக் கழற்றித் தட்டினேன். உள்ளிருந்து கரித்தூள் கொட்டியது. டர்போ மாற்றும்போது அந்தக் குழாயையும் புதிதாக மாற்ற வேண்டும். எங்கள் பையன் பழைய குழாயில் காற்றடித்துச் சுத்தம் செய்து, அதையே திரும்ப மாட்டியிருக்கிறான். நானும் சரிபார்க்கவில்லை. பையன் என் முகத்தைப் பார்த்தான்.

அந்த நிமிடத்தில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. அண்ணனுக்கு நீலத் தண்டின் அர்த்தம் தெரியாது. ‘நீங்கள் எண்ணெயைக் கவனிக்கவில்லை’ என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அல்லது ‘சாமானே மோசம்’ என்று சொல்லி, விற்ற கம்பெனியின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். இரண்டையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

“அண்ணே, தப்பு எங்களோடது. இந்தக் குழாயை மாத்தியிருக்கணும்” என்றேன்.

சினிமாவில் வருவதுபோல் அவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. “இதை அன்னைக்கே பார்த்திருக்கக்கூடாதா?” என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். புதிய டர்போ, குழாய், எண்ணெய், வேலைக்கூலி, லோரி நின்ற நாட்களின் வாடகை எல்லாம் என் கணக்கு. பையனை நான் வேலையை விட்டு நிறுத்தவில்லை. சரிபார்க்காதவன் முதலாளி. அவனை மட்டும் தண்டிப்பது என்ன நியாயம்?

எல்லாத் தவறும் நம்முடையதாகத்தான் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. இன்னொருவர் தம் குடும்பப் பிக்-அப்புக்கு நாங்கள் போட்ட இன்ஜெக்டர் கெட்டுவிட்டது என்று கோபமாக வந்தார். டீசல் வடிகட்டியின் அடியைத் திறந்து, அவர் முன்னாலேயே ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்தோம். சற்று நேரத்தில் தண்ணீர் கீழேயும் டீசல் மேலேயுமாகப் பிரிந்து நின்றது. வீட்டில் பீப்பாயில் சேமித்து வைத்த டீசலை ஊற்றியதாக அவரே சொன்னார். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளும் கலந்திருக்கிறது. அது சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுக்கும். இதைப் பொறுமையாக விளக்கினேன். இன்ஜெக்டருக்குப் பணம் வாங்கினேன், கூலியைக் குறைத்துக்கொண்டேன். ‘இல்லை’ என்று சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. நம் வாய் சொல்வதைவிட அந்தப் போத்தல் சொன்னால் அவர் நம்புவார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். செய்யும் வேலையில் தகுந்த கவனமும் திறனும் இருக்க வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பலகை மாட்டிவிட்டு அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் ஐந்து ரிங்கிட்தான்.

ஆனால் அந்தச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர்களுக்கானது. அந்தப் பிக்-அப்காரர் அங்கே போகலாம். பிழைப்புக்காக லோரி ஓட்டும் அண்ணனுக்கு அந்தக் கதவு பொதுவாகத் திறக்காது. அவர் வழக்குமன்றம் போகலாம்தான். ஒற்றை லோரியை வைத்துப் பிழைப்பவருக்கு அதற்கு நேரம் ஏது? அவருக்குள்ள ஒரே தீர்ப்பாயம் நம் பட்டறை மேசைதான். அந்த மேசையில் நாம் பொய் சொன்னால், அவர் முறையிட வேறு இடமில்லை. அவர் குரல் உயர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது எங்கள் பட்டறையில் மூன்று பழக்கங்கள் வைத்திருக்கிறோம். என்னென்ன மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடமே காட்டிக் கொடுக்கிறோம். புதிய டர்போ போட்டால், எண்ணெய் வந்து சேர்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எஞ்சினை முடுக்குகிறோம்.

அந்த அண்ணன் இன்றும் எங்களிடம்தான் வருகிறார். ஆனால் வேலை முடிந்ததும், “அந்தப் பழைய குழாயைக் காட்டு தம்பி” என்று கேட்காமல் போகமாட்டார். இழந்த நம்பிக்கை முழுதாகத் திரும்பிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கேட்கிறார், நான் காட்டுகிறேன்.