இயற்கைவளக் கல்வியும் நம் இளைஞரும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எமக்குப் பணிக்கப்பட்ட பொருள் ‘கல்லூரியில் இயற்கைவள மேலாண்மை பயிலுதல்’ என்பது. தொடர் புதிது, பொருள் பழைது. மண், நீர், காடு என்னும் இவற்றை இந்நாளில் வாழ்வோரும் இனிப் பிறப்போரும் ஒருங்கே பயன்கொள்ளுமாறு காக்கும் முறையை அறிவதே அக்கல்வி. தமிழ்ப் பண்டிதர்க்கு இதிற் பேச என்ன உரிமை என்று சிலர் எண்ணலாம். பள்ளியிறுதி முடித்த பிள்ளைகள் எத்திசையிற் செல்கின்றனர் என்பதை ஆண்டுதோறும் கண்டு வருகின்றோம். அவ்வுரிமை ஒன்றே எமக்குண்டு.

நம் இல்லங்களிற் பிள்ளைகட்குக் காட்டப்படும் வழிகள் இரண்டு: டாக்டர், இஞ்சினியர். இவற்றில் இடம் வாய்க்காதவர் ஏதேனும் ஒரு பட்டம் பெறுவர். மண்ணைப் பற்றியும் நீரைப் பற்றியும் படிக்க விரும்புகின்றேன் என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால், “மண்வெட்டி பிடிக்கவா உன்னைப் படிக்க வைத்தோம்?” என்னும் வினா உடனே எழுகின்றது. வெயிலில் உழன்ற தந்தையின் வாயினின்று வரும் அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அக்கல்வி மண்வெட்டி பிடித்தற்குரியதன்று, அளந்தறிதற்குரியது.

அளத்தல் என்றோம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 4,047 லிட்டர். நம் மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை 920 மில்லிமீட்டர் அளவினது. பெருக்கிப் பாருங்கள், ஏக்கர் ஒன்றுக்கு 37 லட்சம் லிட்டருக்கு மேலாகின்றது. இத்துணை நீரைப் பெற்ற நிலத்துக்கு உடையவன் சித்திரைத் திங்களில் தண்ணீர் லாரியை எதிர்நோக்கி நிற்கின்றான்! அந்நீர் எங்கே போயிற்று? ஒரு பகுதி ஆவியாயிற்று. ஒரு பகுதியைப் பயிர் உண்டது. ஒரு பகுதி மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடைவழி ஓடிற்று. எஞ்சிய சிறு பகுதியே நிலத்துட் புகுந்தது. ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு, ஓடும் நீரை நிலத்துட் புகுத்த வரப்பை எங்கே இடுவது, தடுப்பணையை எங்கே கட்டுவது என்று கணக்கிடுதலே இக்கல்வியின் முதற்பாடம்.

இக்கணக்கு அறியாமையால் நம்மவர் படும் இழப்புக்கு அளவில்லை. கிணறு வற்றியதும் தாலியொழிந்த நகையெல்லாம் அடகுக்குப் போகின்றன. ஆழ்துளைக் கிணறு இறங்குகின்றது. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர் சொன்ன இடமே இடம். தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கின் கீழே இருப்பது கடினப்பாறை. அப்பாறைக்குள் ஆறு ஓடுவதில்லை. மேலேயுள்ள சிதைந்த பாறை அடுக்கிலும், கீழேயுள்ள வெடிப்புகளிலுமே நீர் தங்குகின்றது. வெடிப்பு இல்லாத இடத்தில் ஆயிரம் அடி தோண்டினும் புழுதியே வரும். வெடிப்பு இருப்பினும், மழைநீர் மீண்டும் அதனுட் புகாவிடின், அண்டை வீட்டான் இன்னும் ஆழமாகத் தோண்டிய அன்றே நம் கிணறு வற்றும். நிலவியல் கற்ற ஒருவர் பாறையின் மின்தடையை அளந்து, நீர் இருத்தற்கு ஏற்ற இடம் இது, ஏலாத இடம் இது என்று பெரும்பாலும் கூறவல்லார். அத்தகையார் நம் குலத்தில் எத்துணையர் உளர்? விரல் மடக்கி எண்ண முற்பட்டோம். முதல் விரலுக்கே ஆள் கிடைத்திலர்.

இனி, ஏரியைப் பாருங்கள். வரத்துக்கால், நீர்ப்பிடி, கரை, கலிங்கு, மதகு, மடை, ஆயக்கட்டு என்று ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரிட்டு வைத்த மொழி நம் மொழி. வரத்துக்கால் தூர்ந்தால் கரையை உயர்த்திப் பயன் யாது? குடிமராமத்து வழக்கம் குன்றியபோது, 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றினர். சட்டத்தால் அவ்வழக்கம் தழைத்ததில்லை. 2017இல் அரசு அப்பெயராலேயே ஒரு திட்டம் தொடங்கிற்று. நீர்ப்பிடியிற் புதராய் மண்டிய சீமைக்கருவேலை வேரோடு களைக என்பார் பலர். யாமும் அக்கருத்தினரே. எனினும் சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்தில் அம்மரத்தைக் கரிமூட்டமிட்டு உண்ணும் ஏழைக் குடும்பங்கள் உள என்பதையும் மறத்தலாகாது. களைந்தபின் அவர்க்கு என்ன பிழைப்பு என்று கேட்கக் கற்பிப்பதும் இக்கல்வியின் கூறே.

உத்திரமேரூரில் முதற்பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டு, ஏரியைப் பேண ‘ஏரி வாரியம்’ என ஒரு குழு இருந்ததையும், அதற்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தமையையும் கூறுகின்றது. பெருமைக்குரியதே. ஆனால் ஒன்றை மறைத்தல் ஆகாது. நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடையாரே அக்குடத்தில் தம் பெயரை இட இயன்றது. நம் முன்னோர் ஏரியைத் தோண்டியிருக்கலாம், வாரியத்தில் அமர்ந்ததில்லை. இன்று அவ்வேரியின் கணக்கைக் கற்பிக்கும் கல்லூரிகளில் மதிப்பெண் கொண்டு நம் பிள்ளைகளும் நுழையலாம். திறந்த கதவின்முன் நாமே நின்று தடுப்பது தகுமா?

கதவுகள் எங்கே என்பீர்கள். மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி உள்ளது; அங்கே வனவியற் பட்டம் நான்காண்டுப் படிப்பு. கோவையிலும் குமுளூரிலும் வேளாண்மைப் பொறியியல் கற்பிக்கின்றனர். மண், நீர்ப் பாதுகாப்பு அதன் ஒரு பிரிவு. இவையாவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கி 1906இல் கோவைக்குப் பெயர்ந்த வேளாண்பள்ளியே அதன் வேர்.

உத்தியோகம் கிடைக்குமா என்பது அடுத்த வினா. எல்லோர்க்கும் உடனே கிடைக்கும் என்று சொல்லி உங்களை மயக்க மாட்டோம். வனத்துறையிலும் வேளாண்மைப் பொறியியல் துறையிலும் இடங்கள் சிலவே. போட்டித் தேர்வோ கடிது. நாலைந்து ஆண்டு காத்திருப்பாரும் உளர். ஆயினும் பொறியியற் பட்டம் பெற்றுக் கடையிற் கணக்கெழுதும் பிள்ளைகளை நம் தெருவிலேயே காண்கின்றோம். காத்திருப்பு இதற்கு மட்டும் உரியதன்று.

பெண்மக்களுக்குக் காடும் மேடும் ஆகுமா என்று ஒரு தாயார் எம்மை வினவினார். இந்திய வனப்பணியிற் பெண்கள் சேரத் தொடங்கியது 1980இல். நாற்பதாண்டு கடந்த செய்தி, அம்மா! அவ்வம்மையாரின் மகள் எம் மாணவி. வனவியல் பயில விழைந்தாள், மதிப்பெண்ணும் பெற்றாள். விடுதிக் கட்டணத்துக்கு நம் சங்கத்தின் கல்வி நிதிக்கு விண்ணப்பித்தபோது, விதியில் ‘மருத்துவம், பொறியியல், சட்டம்’ என்னும் மூன்றே உள்ளன என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கலந்தாய்வுக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன.

ஆகவே அம்மூன்றோடு ‘வேளாண்மை, வனவியல், நிலவியல், மண் நீர்ப் பாதுகாப்பு’ என்னும் சொற்களையும் சேர்க்குமாறு இப்பேரவையை வேண்டுகின்றோம். தீர்மானத்தை எழுதிச் செயலாளரிடம் அளித்துள்ளோம். அவர் இப்போது அதனைப் படிப்பார். இசைவோர் கை உயர்த்துக.