நாற்பத்தைந்து அடி



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் மேடையேறிப் பழகாதவர். டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். தகரம் அடித்த அறையில் கார்பன் குச்சி எரியும் சூட்டில் நின்று படம் ஓட்டியவர். அந்த அறை வாசலில் குந்த எனக்கு இடம் கொடுத்தவரும் அவர்தான். இரண்டாம் ஆட்டம் நேரமாகிவிட்டால் பாட்டுகளில் கை வைப்பார். அந்தக் காலத்தில் பல ஆபரேட்டர்கள் செய்ததுதான். இவர் எடுப்பது இரண்டாவது சரணத்தை மட்டும். "சரணம் போனா யாரும் கேக்க மாட்டான்டா தம்பி. நடுவுல வர்ற மியூசிக்கைத் தொட்டா கீத்தைப் பிரிச்சிருவாங்ய" என்பார்.

35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அரை நிமிட இடையிசை என்றால் 45 அடி. அழைப்பிதழில் 'பாடல் காட்சியின் வளர்ச்சி' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நான் பேசப்போவது அந்த 45 அடியைப் பற்றித்தான்.

1931இல் 'காளிதாஸ்' வந்ததிலிருந்தே தமிழ்ப்படம் என்றால் பாட்டு. நடிப்பவரே பாடிய காலத்தில் கேமரா அவர் வாயைப் பார்த்தபடி நின்றது. பின்னணிப் பாடகர்கள் வந்தார்கள்; அப்போதும் வாய்தான் காட்சியின் நடு. 1961இல் 'தேன்நிலவு' காஷ்மீருக்குப் போனது. 1973இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' ஜப்பான் பொருட்காட்சியைக் கொண்டுவந்தது. ஊர் மாறியதே தவிர, வாயசைப்பு மாறவில்லை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே இசை வரும்போது கதாநாயகி ஓடுவார், நாயகன் துரத்துவார். அடுத்த அடி பாட இருவரும் ஒரு மரத்தடியில் வந்து நிற்பார்கள். இடையிசை என்பது மூச்சு வாங்கும் நேரம்.

அதைக் காட்சியாக்கியதில் நம் கம்பம் பள்ளத்தாக்குக்குப் பங்கு உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை. பண்ணைப்புரத்து பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958இல் மலைக்கு அந்தப்பக்கம் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் நடுவே அவர் பாட்டு ஒலித்தது. அவருடன் ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் வாசித்தவர் தம்பி ராசையா, பின்னாளின் இளையராஜா. திறந்தவெளிக் கூட்டத்தை ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே கலையவிடாமல் பிடித்து வைப்பது வாத்தியக்காரன் பொறுப்பு. இளையராஜாவின் இடையிசைக்கு அந்த மேடையும் ஒரு பள்ளிக்கூடம் என்பது என் கணிப்பு.

1976இல் 'அன்னக்கிளி' வந்தது. மறு வருடம் அல்லிநகரத்து பாரதிராஜாவின் '16 வயதினிலே'. எஸ். ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு அதில்தான். அடுத்தடுத்த படங்களில் அந்த அரை நிமிடத்தை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வெள்ளை உடுத்திய பெண்கள் மெதுவேகத்தில் மிதந்து வருவார்கள். அலை, பூ, கொலுசுக் கால், திரும்பும் முகம் என்று வயலின் வில் இழுபடும் கணக்குக்குப் படம் வெட்டுப்படும். யாரும் பாடுவதில்லை, பேசுவதுமில்லை. ஆனாலும் கதை நகர்ந்துவிடும். பல படங்களில் கேமரா பி. கண்ணன். 1980இல் 'நிழல்கள்' வழியாக வடுகபட்டி வைரமுத்துவும் வந்து சேர்ந்தார்.

1981இல் அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியது. பாட்டுக்குப் படம் எடுப்பதை அவர்கள் கண்டுபிடித்ததாக இங்கே சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் ஊரிலேயே 1940களில் காசு போட்டால் மூன்று நிமிடப் பாட்டுப்படம் காட்டும் பெட்டிகள் இருந்தன. எம்டிவி பிறந்த அதே வருடம் இங்கே 'அலைகள் ஓய்வதில்லை' ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பிழை. இந்தப் படங்களில் நம் ஊர் இல்லை. '16 வயதினிலே' கிராமம் கொள்ளேகால், மைசூர்ப் பக்கம். 'அலைகள் ஓய்வதில்லை' கடல் முட்டத்துக் கடல். 'முதல் மரியாதை' ஆறு கர்நாடகத்துக் காவிரி. தேனிக்காரர் கண்ணுக்குள் இருந்த வைகையையும் முல்லையாற்றையும் வேறு தண்ணீரில் பார்த்து நாம் கைதட்டினோம்.

பிறகு பாட்டு படத்தை விட்டுப் பிரிந்தது. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்க்க டி.வி. இருந்த வீட்டுத் திண்ணை நிரம்பியது. திருவிழாவுக்கு டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் போட்டார்கள். 2004இல் சன் மியூசிக் வந்தபோது பாட்டுக்குக் கதை தேவையே இல்லை என்றாகிவிட்டது. அதுபற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

ஊர் திரைக்குள் வந்தது தாமதமாகத்தான். 2010இல் 'மைனா' போடி குரங்கணியைக் காட்டியது. 2018இல் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. லெனின் பாரதி இயக்கம், தேனி ஈஸ்வர் கேமரா, இளையராஜா இசை. ஏலக்காய் மூட்டை சுமந்து மலைப்பாதையில் செல்லும் ஆட்களின் நடை. இந்த மண்ணின் காதும் கண்ணும் இந்த மண்ணின் மேலேயே சேர்ந்து வேலை செய்ததை நான் பார்த்தது அதில்தான்.

இன்றோ படமே வேண்டாம். 2011 நவம்பரில் 'கொலவெறி' யூடியூபில் பரவியபோது அதில் இருந்தது ஒலிப்பதிவுக் கூடம்தான். 2021இல் பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி', தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளைப் பாட்டின் நடுவில் உட்கார வைத்தது. அப்புறம் ரீல்ஸ். அரை நிமிடத்தில் முடியும் சரக்கு. இடையிசைக்கு இடமில்லை என்று என்னைப் போன்ற கிழவர்கள் புலம்பினோம்.

போன தை மாதம் உறவுக்காரப் பையன் கல்யாணத்துக்கு முந்தைய 'அவுட்டோர் ஷூட்' பார்க்கப் போனேன். கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைப் பந்தல். மேலே ட்ரோன் இரைகிறது. பாட்டைப் போட்டதும் மாப்பிள்ளை ஆர்வமாக வாயசைத்தான். கேமராக்காரத் தம்பி கையைக் காட்டி நிறுத்தினான். "பாட வேணாம்ணே. சும்மா நடந்து வாங்க. அக்கா, நீங்க மட்டும் திரும்பிப் பாருங்க."

சாயங்காலம் அவன் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எண்பதுகளில் வந்த பாட்டு ஒன்று. அவன் பிறப்பதற்கு முந்தியது. சரணங்கள் இரண்டையும் வெட்டி எறிந்தான். புல்லாங்குழலும் வயலினும் வரும் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதன் மேல் நடையையும் திரும்பிப் பார்த்ததையும் அடுக்கினான். எவ்வளவு நேரம் வருகிறது என்று கேட்டேன்.

"முப்பது செகண்ட் தாத்தா."