நீ எனலும் நீங்கள் எனலும்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மாந்தர் ஒருவரோடொருவர் உரையாடும் முறையை அவர்தம் பண்பாடு எங்ஙனம் வகுக்கின்றது என்பது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். பொருள் மிகப் பரந்தது. ஆகலின் அதன் ஒரு வாயிலை மட்டும் திறக்கின்றேன். எதிரே நிற்பவரை நாம் எச்சொல்லால் அழைக்கின்றோம் என்பதே அது.

தமிழர்க்கு நயத்தக்க பேச்சில்லை என்று ஆங்கிலம் கற்றார் சிலர் குறை கூறுவர். ஒன்றைக் கேட்குங்கால் ‘பிளீசு’ என்றும், பெற்றபின் ‘தேங்க்யூ’ என்றும் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இல்லையாம். இவர்கள் வேற்றுமொழியின் அளவுகோலைக் கொண்டு நம் வீட்டை அளப்பவர்கள். ஆங்கிலேயன் தனிச்சொல்லில் வைத்த பணிவைத் தமிழன் வினையின் ஈற்றில் வைத்தான். ‘வாருங்கள்’ என்பதிலும், ‘சற்றே தருகிறீர்களா’ என்பதிலும் இல்லாத பணிவு வேறெதில் உள்ளது? இனி, நன்றி என்பது பண்டு செய்த நன்மையைக் குறித்த சொல். அதனை மறவாதிருத்தலே அறமெனப்பட்டது. சோறிட்ட தாய்க்கு அங்கேயே ‘நன்றி’ சொல்லிக் கணக்கைத் தீர்ப்பது நம் வழக்கமன்று. ‘தயவுசெய்து’ என்னும் தொடரை நாம் ‘அன்புகூர்ந்து’ எனத் தமிழாக்கினோம், நன்று. ஆயினும், அது ஆங்கில வழக்கிற்குத் தைத்த தமிழ்ச்சட்டையே என்பதையும் மறவாதிருப்போமாக.

நம் மொழியில் வேறொரு நுட்பம் உண்டு. கேட்பவரையும் தன்னோடு சேர்த்துச் சொன்னால் ‘நாம்’. அவரை விலக்கிச் சொன்னால் ‘நாங்கள்’. பழந்தமிழில் இஃது ‘யாம்’. நன்னூலாரும் அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும், எம், ஏம், ஓம் ஈறுகள் படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் பிரித்தோதினார். தெலுங்கிலும் மலையாளத்திலும் இவ்வேறுபாடு உண்டு. சமற்கிருதத்தில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும், எதிரே நிற்பவன் நம்முள் ஒருவனா அல்லனா என்று முடிவு செய்துகொண்டே தமிழன் பேசவேண்டியிருக்கின்றது. விருந்தினரிடம் ‘நம் வீடு’ என்பவன், ஊர்ப்புறத்தே வாழும் உடன்பிறந்தானிடம் ‘எங்கள் தெரு’ என்கின்றான். வேலி கட்டக் கல்லும் முள்ளும் வேண்டியதில்லை. ஒரு ‘கள்’ ஈறு போதும்.

இனி, ‘நீ’ என்னும் சொல்லுக்கு வருவோம்.

அதியமான் நெடுமான் அஞ்சி தந்த நெல்லிக்கனியை உண்ட ஔவையார், புறநானூற்றில் அவ்வேந்தனை ‘நீ’ என்றே விளிக்கின்றார். அச்சொல்லில் இழிவிருந்ததெனின் அஃது அவைக்கண் ஏறியிருக்குமா? ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கின்கண் வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் தெளிவுறுத்தினார். அவர் காலத்திலேயே அவ்வழக்கு இருந்தது என்பதும் இதனாற் பெறப்படும்.

தொல்காப்பியம் மேல்கீழ் அறியாத நூல் என்று நான் சொல்லவில்லை. ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள், இழிந்தோன் கேட்பது ஈ, ஒப்போன் கேட்பது தா, உயர்ந்தோன் கேட்பது கொடு என எச்சவியல் வகுக்கின்றது. நம் பழமையைப் போற்றுவோர் இந்நூற்பாவை மறைத்துவிட்டுப் பேசுதல் நேர்மையாகாது. ஆயினும், ஆங்குப் பிறப்பு என்னும் சொல் இல்லை என்பதையும் நோக்குக. கேட்பவன் எவனோ, கொடுப்பவன் எவனோ, அவ்வமயத்து நிலைபற்றி அதனைக் கொள்ள இடமுண்டு. பிறப்பினால் ஒருவனுக்கு என்றென்றைக்குமாக ஒருமையை ஒட்டவைத்தது பின்வந்த கொடுமை.

பத்து அகவைச் சிறுவன், தன் பாட்டனை ஒத்த உழவுத் தொழிலாளியைப் பெயர்சொல்லி ‘வா, போ’ என அழைப்பதை ஊர்ப்புறங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நம்முள் பலர். அம்முதியவரோ சிறுவனை ‘நீங்கள்’ என்பார். அவர்கள் பேசியது தமிழே. ஒரு வடசொல்லும் அதிற் கலக்கவில்லை. அதனைத் தூயதமிழ் என்று சொல்ல உங்கட்கு நா எழுமா?

‘நீ’ தானாக இழிந்த சொல்லன்று. தாயை நீ என்கின்றோம். தோழனையும் நீ என்கின்றோம். இறைவனைப் பாடிய அடியவரும் நீ என்றே பாடினர். வகுப்பில் என் மாணவர் அனைவரையும் நான் நீ என்றுதான் அழைக்கின்றேன். ஒருவனை நீ என்றும் மற்றொருவனைத் ‘தம்பி, வாருங்கள்’ என்றும் அழைத்தால் அன்றோ பிழை! ஒருவழியாகப் பாய்ந்து மறுவழியாகத் திரும்பாத ‘நீ’யிலேதான் நஞ்சு உள்ளது.

சில ஆண்டுகட்கு முன் ஒரு பள்ளி அலுவலகத்தில், மகனின் மாற்றுச் சான்றிதழுக்காக வந்த முதியவர் ஒருவரிடம், அவரினும் முப்பதாண்டு இளைய எழுத்தர், ‘அங்கேயே நில், கூப்பிடுவேன்’ என்றார். அடுத்து வெள்ளுடையில் வந்தவருக்கு ‘வணக்கம் ஐயா, அமருங்கள்’ என்றார். ‘நமசுகாரம்’ என்று அவர் சொல்லவில்லை என்பதற்காக நான் மகிழ்வதா? முதியவர் நின்றுகொண்டே இருந்தார். நானே சென்று அவருக்கு இருக்கை காட்டினேன். எழுத்தருக்கு அது பிடிக்கவில்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய தன்மான இயக்க மாநாடு, பெயரின் பின்னுள்ள சாதிப் பட்டத்தை வெட்டியெறிய முடிவு செய்தது. 1967ஆம் ஆண்டு அறிஞர் அண்ணா ஆட்சிப் பொறுப்பேற்றபின், அரசு எழுத்துகளில் சிறீ, சிறீமதி, குமாரி நீங்கித் திரு, திருமதி, செல்வி என்பவை இடம்பெற்றன. இதில் மொழித்தூய்மை பாதி. மற்றைப் பாதி, எல்லார்க்கும் ஒரே அடைமொழி என்பது. நம்மவர் முதற்பாதியைப் பற்றிப் பேசிய அளவுக்கு இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசவில்லை. அழைப்பிதழில் தலைவர்க்குத் திரு இடுகின்றோம். பந்தலிட்டவரின் பெயர் அதே இதழில் வந்தால் அதற்கும் இடுகின்றோமா?

நம் மன்றத்து ஏடுகளைப் புரட்டினேன். கட்டணம் செலுத்திய உறுப்பினர் எல்லார்க்கும் ‘திரு’ உண்டு. கூலி பெற்றவர் பட்டியலில் வெறும் பெயரே உள்ளது. வரும் திங்களிலிருந்து அப்பட்டியலைத் திருத்தி எழுதுமாறு செயலாளரை வேண்டுகின்றேன். கூட்டத்திற்குத் தேநீர் கொண்டுவரும் பெரியவர் எழுபது அகவையை நெருங்கியவர். அவரை ‘ஐயா, வாருங்கள்’ என அழைக்குமாறு இளந்தோழர்களையும் கேட்டுக்கொள்கின்றேன். அவர் நம்மை ‘வாப்பா’ என்பாராயின், அதனை அன்பாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.